இரண்டு பேர் பட்டறை எந்தக் கணக்கில் வரும்?

தை பிறந்ததும் நன்னிலம் பக்கத்து வயல்களில் சம்பா அறுவடைக்கு இயந்திரங்கள் இறங்கிவிடும். ஈரம் காயாத வயலுக்குப் பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. இவற்றில் பல, ஆத்தூர், சேலம், பெரம்பலூர் பக்கமிருந்து லாரியில் ஏறி வருகிறவை. ஓட்டுகிறவரும் அங்கிருந்தே வருகிறார். வானம் மூட்டம் போட்ட நாளில், பாதி வயல் அறுத்த நிலையில் வண்டி நின்றுபோனால், விவசாயி வரப்பில் நின்று யாருக்காவது போன் போட்டுக்கொண்டிருப்பார். பழுது பார்க்கிறவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, எப்போது வருவாரோ. அதற்குள் மழை பிடித்துக்கொண்டால், சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிடும்.

அதே வரப்பில் அவருடைய மகனும் நிற்பான். பிளஸ் டூ முடித்திருப்பான். ஒரு பட்டப்படிப்பும் படித்திருக்கக்கூடும். சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்குப் போவதற்குத் திறன் தேர்வு எழுத வேண்டும் என்று பணம் புரட்டிக்கொண்டிருப்பான். ‘ஸ்கில் அடிக்கப் போறான்’ என்றால் டெல்டாவில் எந்த வீட்டிலும் புரியும். அவனுக்கு ஸ்கில் வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. வேறொரு நாட்டின் கட்டடத்துக்குக் கம்பி கட்டும் திறனைக் கடன் வாங்கிக் கற்கிறவனுக்கு, சொந்த வயலில் நின்றுபோன இயந்திரத்தைக் கிளப்பும் திறனைக் கற்பிக்க ஆளில்லை. தொழிற்கல்விக்கு அரசு செலவிடும் பணத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

பணம் இல்லாமல் இல்லை

அரசு செலவிடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மத்திய அரசு 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழியாக வந்தவைதான் ஐ.டி.ஐ. எனப்படும் இன்றைய தொழிற்பயிற்சி நிலையங்கள். தமிழ்நாட்டின் அரசு ஐ.டி.ஐ.யில் சேர்கிற மாணவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் ரூ.750 உதவித்தொகை, பேருந்து அட்டை, சைக்கிள், சீருடை, காலணி, வரைபடக் கருவிகள் என்று பட்டியல் நீளும். 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும், அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ.க்குப் போகும் பிள்ளைகளுக்கும் மாதம் ரூ.1,000 தருகின்றன. புதுமைப் பெண் திட்டம் சுமக்கிற பெயர், மயிலாடுதுறைக்குப் பக்கத்து மூவலூரின் ராமாமிர்தம் அம்மையாருடையது. நமக்கு அடுத்த ஊர்க்காரர்.

மேலே போனால் தொகை இன்னும் பெரிது. மாநிலத்தின் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நான்காம் தொழிற்புரட்சிக்கு ஏற்றபடி மாற்ற, தமிழக அரசும் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனமும் சேர்ந்து எடுத்த திட்டத்தின் மதிப்பு ரூ.2,877 கோடி. சராசரியாகப் பார்த்தால் ஒரு நிலையத்துக்கு ரூ.40 கோடி. ரோபோ, கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரம், முப்பரிமாண அச்சு எல்லாம் வந்திருக்கின்றன. நாடு முழுவதும் 1,000 அரசு ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்த மத்திய அமைச்சரவை 2025 மே மாதம் ஒப்புதல் அளித்த திட்டத்தின் அளவு ரூ.60,000 கோடி: மத்திய அரசின் பங்கு 30,000, மாநிலங்கள் 20,000, தொழில் நிறுவனங்கள் 10,000.

இவை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஒரகடத்திலும் ஓசூரிலும் வேலை பார்க்கப்போகும் பிள்ளைக்குப் புது இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்த கை வேண்டும். ஆனால், ஒரு ஊரில் தொழில் கற்கிறவர்கள் உண்மையில் எங்கே கற்கிறார்கள் என்று பார்த்து, அந்த இடத்துக்கும் பணம் போகிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. போவதில்லை என்பதே என் முறையீடு.

நான்கு பேருக்குக் குறைந்தால் கணக்கில் இல்லை

மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை தரும் எண்களை எடுத்துக்கொள்வோம். 15 முதல் 29 வயது வரையுள்ள இந்தியர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம். முறைசாரா வழிகளில், அதாவது குடும்பத்திலோ, வேலை பார்த்துக்கொண்டோ, தானாகவோ கற்றவர்கள் 16.6 சதவீதம். நிலையத்தில் ஒருவர் கற்றால் வெளியே ஏறத்தாழ நான்கு பேர் கற்கிறார்கள். கோடிகள் எல்லாம் அந்த ஒருவரின் பக்கம் நிற்கின்றன.

நன்னிலம் கடைவீதியிலும், சன்னாநல்லூர் முக்கத்திலும், பூந்தோட்டம், பேரளம், குடவாசல் சாலைகளிலும் நடந்து பார்த்தால் மற்ற நான்கு பேரைக் காணலாம். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை, வெல்டிங் பட்டறை, டிராக்டர் மெக்கானிக் ஷெட், லேத், பைக் கடை, செல்போன் சர்வீஸ், தையல் கடை. முதலாளி ஒருவர், அவரே பெரிய மேஸ்திரி. கூட ஒரு பையன், மிஞ்சினால் இருவர். பையன் முதல் ஆறு மாதம் டீ வாங்கி வருவான், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். அப்புறம் எரிந்த மோட்டாரின் பழைய கம்பியை உருவுவான். ஒரு வருடம் போனால் சுற்று எண்ணத் தெரியும். ஆற்றுத் தண்ணீர் வராத வாரத்தில் ஐந்து பம்புசெட் ஒரே நாளில் கடைக்கு வந்து இறங்கும்போது, அவனும் ஒரு மோட்டாரைத் தனியாகக் கட்டிவிடுவான். இதைவிடக் கடுமையான தேர்வு எந்த நிலையத்திலும் இல்லை. ஆனால் அவனிடம் சான்றிதழ் இல்லை. கற்றுக்கொடுத்தவருக்கோ ஒரு ரூபாய் கூலி இல்லை. கற்றுக்கொண்ட பையன் நாளைக்கு எதிரிலேயே கடை போடுவான் என்ற பயம் மட்டும் மிச்சம். அதனால்தான் பல மேஸ்திரிகள் தொழிலின் கடைசி நுணுக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே காலத்தைக் கடத்துகிறார்கள்.

தொழில் பழகுவதற்கென்று நாட்டில் ஒரு சட்டமே இருக்கிறது: 1961-இன் தொழில் பழகுநர் சட்டம். 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கட்டாயம் பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்கள் விரும்பினால் சேர்க்கலாம். 2016-இல் தொடங்கிய தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம், அவர்களுக்கான உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் ரூ.1,500 வரை, அரசு ஏற்கும் என்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வாசல் நான்கு பேரிலிருந்துதான் திறக்கிறது. காயில் கட்டும் கடையில் இருப்பது இரண்டு பேர். சட்டத்தின் பார்வையில் அங்கே யாரும் தொழில் பழகவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி, நன்னிலம் அடங்கிய திருவாரூர் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 12.64 லட்சம். பத்தில் எட்டுப் பேர் கிராமவாசிகள். 2020-இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடுதல் போன்ற தொழில்களுக்கு இங்கே கதவு சாத்தப்பட்டது. விவசாயிகள் போராடிப் பெற்ற உரிமை அது. அதில் மறுபேச்சு இல்லை. அந்த முடிவை எடுத்த அரசு, அதன் மறுபாதியையும் யோசித்திருக்க வேண்டும். 30 பேர் வேலை பார்க்கும் தொழிற்கூடங்கள் அரிதாக உள்ள ஊரில், 30 பேரிலிருந்து கட்டாயமாகும் பயிற்சிச் சட்டம் யாருக்குப் பயன்படும்? டெல்டாவின் தொழிற்பேட்டை என்பது அதன் கடைவீதிதான்.

தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு

நிலையத்துக்கு வெளியேயும் அரசுப் பணம் வந்ததுண்டு; குறுகிய காலப் பயிற்சி என்ற பெயரில். 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் தனியார் பயிற்சி மையங்களுக்கு ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பணம் தரப்பட்டது. அந்த ஆண்டு வெளியான பொது விதிகளின்படி பயிற்சி தொடங்கியதும் 30 சதவீதம், சான்றிதழ் கிடைத்ததும் 50 சதவீதம், வேலையில் சேர்ந்தது உறுதியானதும் 20 சதவீதம். கூட்டிப் பாருங்கள். ஒருவருக்கும் வேலை கிடைக்காமலே நூற்றில் எண்பது கைக்கு வந்துவிடும். சான்றிதழ் அச்சடிப்பதே தொழிலாகிப் போனதில் வியப்பில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை, பயிற்சி பெற்றதாகப் பதிவானவர்களில் மிகப் பெரும்பாலோரின் வங்கிக் கணக்கு விவரம் வெற்றாகவோ பொருந்தாமலோ இருந்ததைச் சுட்டிக்காட்டியது.

பள்ளியிலும் இதே கதைதான், வேறு வடிவில். மேல்நிலைக் கல்வி தமிழ்நாட்டுக்கு வந்த 1978-லேயே தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்து வந்தது. நாட்டுக்கு முன்னோடி என்று அதைச் சொல்லலாம். ஆசிரியர் ஓய்வுபெற்றால் அந்த இடம் நிரப்பப்படாமல், இடத்தோடு சேர்ந்து பாடப்பிரிவும் மூடப்பட்ட பள்ளிகள் எத்தனையோ. 2012-இல் தையல், ஓவியம், இசை, கணினி, தோட்டக்கலை போன்றவற்றுக்காக 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் மாதம் ரூ.5,000-க்கு அமர்த்தப்பட்டார்கள். 2024-இல் அது ரூ.12,500 ஆனது. நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்த போராட்டங்களை எண்ணி முடியாது. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் தாராளமாகத் திறக்கும் கஜானா, கற்பிக்கிற ஆள் வந்து நின்றால் சில்லறை எண்ணத் தொடங்குகிறது. ஒட்டுமொத்தக் கல்வி இயக்கத்தின் 2024-25 ஆண்டுக்கான ரூ.2,152 கோடியைத் தேசியக் கல்விக் கொள்கைச் சண்டையில் மத்திய அரசு நிறுத்தி வைத்தபோது அடிபட்டதும் இந்த ஆட்களின் சம்பளம்தான்.

குலக்கல்வி என்ற நியாயமான அச்சம்

பட்டறையில் கற்பதற்கு அரசு பணம் தரட்டும் என்று சொன்ன உடனே, தமிழ்நாட்டில் ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1954-இல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். பறை அடித்தவர் பிள்ளை பறையே அடிக்க வேண்டும் என்ற விதியிலிருந்து புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த சமூகம் இது. கீழத் தஞ்சையில் பண்ணையாள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்பதன் அர்த்தம் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2023 செப்டம்பர் 17-இல் ரூ.13,000 கோடி மதிப்பில் 18 தொழில்களுக்காக மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு இதே காரணத்துக்காக ஏற்கவில்லை. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்குங்கள், குறைந்தபட்ச வயதை 18-லிருந்து 35 ஆக்குங்கள் என்று 2024 நவம்பரில் முதல்வர் கடிதம் எழுதினார். பின்னர் 2025 ஏப்ரலில் மாநிலமே கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது: 25 கைத்தொழில்கள், ரூ.3 லட்சம் வரை கடன், ரூ.50,000 வரை மானியம். குடும்பத் தொழில் என்ற கேள்வி இல்லை, விண்ணப்பிக்க 35 வயது நிரம்ப வேண்டும்.

சாதியைக் கேட்காத திட்டம் என்பதால் இது வரவேற்கத்தக்கது. ஆனால் இரண்டு திட்டங்களுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. இரண்டும் முதன்மையாகப் பார்ப்பது ஏற்கெனவே தொழில் தெரிந்தவரை. அவரிடம் ஒரு புதியவர், அதுவும் வேறு சாதிப் பிள்ளை, வந்து கற்றுக்கொள்வதற்கு இரண்டிலும் பணம் ஒதுக்கப்படவில்லை. தொழில் சாதிக்குள்ளேயே சுற்றுவதை உடைக்க வேண்டுமானால், வெளியாள் உள்ளே நுழைவதற்கு அரசு கூலி கொடுத்தாக வேண்டும். மகனுக்கு அப்பா சும்மா கற்றுத்தருவார். அடுத்த தெருப் பையனுக்கு ஏன் தர வேண்டும்? அந்த ‘ஏன்’ என்பதற்குப் பதிலாக மாதா மாதம் ஒரு தொகை இருந்தால், நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறை வாசலும் சுவாமிமலைச் சிற்பக்கூட வாசலும் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கும்.

செய்து பார்த்த நாடுகள்

ஜெர்மனியின் இரட்டைப் பயிற்சி முறையைப் பற்றி நம் அதிகாரிகள் நிறையப் பேசுகிறார்கள். கார் தொழிற்சாலைகளைப் பார்த்துவிட்டும் வருகிறார்கள். அங்கே தச்சரும் ரொட்டி சுடுபவரும் குழாய் பொருத்துபவரும் நடத்தும் சின்னச் சின்னக் கூடங்களும் அந்த முறையின் தூண்கள் என்பது நம் அறிக்கைகளில் அதிகம் வருவதில்லை. பட்டறையில் வேலை, வாரத்தில் ஓரிரு நாள் அரசு செலவில் பள்ளி, முடிவில் வெளியாள் நடத்தும் தேர்வு.

நம்மைப் போன்ற கடைவீதி கொண்ட கென்யா, 1990-களின் பிற்பகுதியில் வேறொரு வழியை முயன்றது. மரத்தடியிலும் வெட்டவெளியிலும் வேலை பார்க்கும் கைத்தொழிலாளர்களை அங்கே ‘ஜுவா காலி’ என்பார்கள். சுட்டெரிக்கும் வெயில் என்று பொருள். அவர்களுக்கு அரசு பயிற்சிக் கூப்பன் தந்து, யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளுங்கள் என்றது. பெரிய கல்லூரிகள் இருக்க, அனுபவம் மிக்க பட்டறை மேஸ்திரிகளைத் தேடியே பெரும்பாலான கூப்பன்கள் போயின. கற்பவருக்கு யார் நல்ல ஆசான் என்று தெரிந்திருந்தது. அத்திட்டம் உலக வங்கிக் கடனை நம்பி நின்றது. நிதி தீர்ந்ததும் நின்றுபோனது. பங்களாதேஷில் பிராக் அமைப்பு 2012 முதல் பள்ளியை விட்ட இளையோரை உள்ளூர் மேஸ்திரிகளிடம் சேர்த்து, கற்பவருக்கு உதவித்தொகையும் வகுப்பும் தந்துவருகிறது. மேஸ்திரிக்குப் பணம் கொடுப்பது புதுமையான யோசனை அல்ல. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் இடம் பெறாவிட்டால் அது நிலைக்காது என்பதும் கென்யா தரும் பாடம்.

நன்னிலத்துக்கு ஒரு கணக்கு

என் யோசனை இதுதான். ஒரே ஒரு வட்டத்தில், நன்னிலத்தில், 200 பேரை வைத்து இதைச் செய்து பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடிக்காத எவரையும் சேர்க்கக் கூடாது. பள்ளி நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூடத் தொடக் கூடாது. கற்பவருக்கு மாதம் ரூ.3,000, கற்றுத்தரும் மேஸ்திரிக்கு ரூ.2,000, இரண்டும் நேராக வங்கிக்கு. பயிற்சி 18 மாதம். மேஸ்திரியின் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, பையனோ பெண்ணோ தேர்ச்சி பெற்று ஆறு மாதம் வருமானம் ஈட்டிய பிறகு கொடுக்கலாம். அப்பா தொழிலுக்கே வருகிறவரைவிட வேறு தொழிலுக்கு வருகிறவருக்கு முன்னுரிமை. வாரத்தில் ஒரு நாள் மாவட்டத்தின் அரசு ஐ.டி.ஐ.யில் வகுப்பு: மின்சாரக் கோட்பாடு, அளவை, வரைபடம் படித்தல், பாதுகாப்பு, கணக்கு எழுதுதல். முடிவில் தேர்வு வைப்பவர் ஐ.டி.ஐ. பயிற்றுநர், அதே தேசியச் சான்றிதழ். அந்தச் சான்றிதழை வைத்து பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்கும், அங்கிருந்து பொறியியல் இரண்டாம் ஆண்டுக்கும் ஏறும் படி திறந்திருக்க வேண்டும். மேலே போக வழியில்லாத தொழிற்கல்வியைத்தான் நாம் 1954-இல் கைவிட்டோம்.

செலவு? ஒருவருக்கு ரூ.90,000, 200 பேருக்கு ரூ.1.8 கோடி. வகுப்பு, விபத்துக் காப்பீடு, கண்காணிப்புக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஐ.டி.ஐ.யின் நவீனமயத்துக்குச் சராசரியாக வந்த ரூ.40 கோடியின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

என்னென்ன தொழில்கள் என்பதை ஊரே சொல்லும். அறுவடை இயந்திரம், நடவு இயந்திரம், டிராக்டர் பழுது. பம்புசெட்டும் சூரிய ஒளி மோட்டாரும். அரிசி ஆலையில் கொதிகலன், உலர்த்தி, நிறம் பிரிக்கும் சார்டெக்ஸ். மருந்து தெளிக்கும் ட்ரோனும் அதன் பேட்டரியும். நடவு இயந்திரம் வந்த பிறகு வேலை இழந்தவர்கள் நடவுப் பெண்கள். அந்த இயந்திரத்தை ஓட்டவும் பிரிக்கவும் மாட்டவும் முதல் உரிமை அவர்களுக்கே இருக்க வேண்டும். சுயஉதவிக் குழுக்களுக்கு மத்திய அரசு மானியத்தில் ட்ரோன் தருகிறது. பறக்க விடக் கற்றுக்கொடுத்தவர்கள், விழுந்தால் சரிசெய்யவும் கற்றுக்கொடுத்தால்தான் அந்த மானியம் இரண்டாவது பருவத்தைத் தாண்டும்.

ஊரின் தேவையிலிருந்து அறிவு வளர்ந்ததற்கு இந்த மாவட்டமே சாட்சி. மழையில் நனைந்த குறுவை நெல்லை என்ன செய்வது என்ற டெல்டாவின் பழைய தலைவலியிலிருந்து, திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் 1967-இல் ஒரு நெல் பதன ஆய்வு மையம் பிறந்தது. அதுதான் தஞ்சாவூருக்குப் போய், இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. அன்று அரசு பணம் போட்ட இடம் வயலுக்கு அருகில் இருந்தது.

பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் கூத்தனூர் இருக்கிறது. சரஸ்வதி பூஜைக்கு அங்கே பிள்ளைகள் நோட்டும் பேனாவும் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைக்கிறார்கள். அதே நாளில் நன்னிலம் பட்டறைகளில் ஸ்பேனருக்கும் லேத்துக்கும் சந்தனம் வைத்துப் பொரி படைக்கிறார்கள். ஊர் இரண்டையும் ஒரே நாளில்தான் கும்பிடுகிறது. அரசின் கணக்குப் புத்தகத்தில்தான் இரண்டும் வேறு வேறு பக்கம். அதிலும் ஒரு பக்கம் வெற்றுத் தாள்.

2021 முதல் தமிழ்நாடு வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வைத்துவருகிறது. அடுத்த அறிக்கையில் ஒரு வட்டத்துக்கு ரூ.2 கோடி ஒதுக்குவதற்கு அரசு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியதில்லை. மேட்டூர் அணையைத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி 200 பேர் பட்டறைகளில் சேர்ந்தால், மறு ஆண்டு மார்கழியில் பயிற்சி முடியும். அதை அடுத்து வரும் தை அறுவடையில் வண்டி நின்றால், விவசாயி போன் போட வேண்டிய ஆள் உள்ளூரில் இருப்பார்.